கோதடியின் மடிப்பும் தையலும் நீர்வண்ணத்தில் வர…

கேள்வி: பழைய புடவைகளை அடுக்கித் தைத்த கோதடி ஒன்றை நீர்வண்ணத்தில் வரைகிறேன். ஒவ்வொரு துண்டின் பூவையும் கட்டத்தையும் அச்சாகப் போட்டும், சதுரங்கப் பலகைபோல் தட்டையாக இருக்கிறது. தையல் தெரிய மாஸ்கிங் திரவம் (வண்ணம் படக்கூடாத இடத்தில் பூசி, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் திரவம்) வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வாங்காதீர்கள். பூவை முதலில் போட்டுவிட்டு மடிப்பைப் பிறகு தேடுகிறீர்கள், அதனால்தான் தட்டையாகிறது. இது உங்கள் தவறல்ல. இங்கே மகாராஷ்டிரத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் எலிமென்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளுக்குத் தயார் செய்யும் வகுப்புகள் பலவும் ‘கோட்டுக்குள் சமமாக நிரப்பு’ என்றே பிள்ளைகளைப் பழக்குகின்றன. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போக வருடங்கள் ஆகின்றன.

பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி கோதடியைக் குவித்து வையுங்கள். அல்ட்ரமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா செம்பழுப்பும் கலந்த நீர்த்த சாம்பல் நிறத்தில் மடிப்பு நிழல்களை மட்டும் முழுப் போர்வைக்கும் போடுங்கள். காய்ந்த பிறகு துண்டுகளின் நிறம், ஒன்று விட்டு ஒன்றாக. இல்லாவிட்டால் ஒன்றின் ஈரம் இன்னொன்றில் ஓடிவிடும். டிசைன் கடைசியில். மடிப்புக்குள் இறங்குமிடத்தில் கட்டங்கள் குறுகி நெருங்க வேண்டும். வெளிச்சம் விழும் மேட்டில் பாதிப் பூவை விட்டுவிடலாம்.

தையலைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நூலைவிட நூல் இழுத்த குழிதான் தெரியும். குழிகளுக்கு நடுவே துணி உப்பியிருக்கும். குழிக்கு ஒரு சிறு நிழல் வைத்து, அதன் ஒரு ஓரத்தை ஈரத் தூரிகையால் இளக்கிவிட்டால் போதும்.

கடைகளில் ‘300 ஜிஎஸ்எம்’ என்று சொல்லி மரக்கூழ்த் தாளைத் தலையில் கட்டுவார்கள். 300 என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை மட்டுமே. உறையில் ‘100% காட்டன்’ என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். மலிவுத் தாளில் மாஸ்கிங் திரவத்தைப் பூசி உரித்தால் மேல்தோலும் கூடவே வரும். அதை மறைக்க அடுத்து வெள்ளை ஜெல் பேனா விற்பார்கள்!

ஒரே விதிவிலக்கு பாந்தனித் துண்டு, அதாவது சிறு முடிச்சுகள் போட்டுச் சாயமிட்ட புள்ளித் துணி. அடர்நீலத்தில் கடுகளவு வெளிர் புள்ளிகளைச் சுற்றி வண்ணம் பூசுவது யாருக்கும் கடினம். அப்போது மட்டும், அதுவும் காட்டன் தாளில், மாஸ்கிங் திரவம் சரி. தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ளுங்கள். பழைய தூரிகையாக இருக்கட்டும். ஹேர் டிரையர் காட்டாதீர்கள், சூட்டில் தாளோடு ஒட்டிக்கொள்ளும். வண்ணம் முழுக்கக் காய்ந்ததும் உரித்துவிடுங்கள். வாரக்கணக்கில் விட்டால் உரிக்கும்போது தாள் கிழியும். பாந்தனிப் புள்ளிகள் பல நேரம் தூய வெள்ளையாக இருப்பதில்லை, அப்படியானால் உரித்தபின் அவற்றின் மேல் மங்கலான மஞ்சள் ஒரு பூச்சுக் கொடுங்கள்.

மழைக்காலத்தில் மீதித் தாளைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். ஈரம் ஏறினால், தாள் நீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கும் பசை கெட்டு, வண்ணம் திட்டுத்திட்டாக இறங்கும்.