நான்கு பேர் "நாங்கள்", ஒருவர் மட்டும் "அவன்"

கேள்வி: அக்கா, எனக்கு வயது 20. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் போட்டிகளை விடாமல் பார்ப்பவன். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு சின்ன அணிக்கு ரசிகன். தகுதிச் சுற்றிலிருந்து ஏறி, போன வாரம் முதல்முறையாக அரையிறுதிக்கு வந்தோம். எதிரே கோப்பைகளை அள்ளிக் குவித்த அணி. ஆளுக்கொரு மேப் (ஆட்டக்களம்) ஜெயித்தாயிற்று. மூன்றாவது மேப்பில் 12-9 என்று முன்னிலையில் இருந்தோம். இன்னும் ஒரே ஒரு ரவுண்ட் போதும். அடுத்தடுத்து மூன்றையும் விட்டோம். 24ஆவது ரவுண்டில் எங்கள் பக்கம் ஒரே ஒருவன் மிச்சம், எதிரே இரண்டு பேர். இரண்டு பேரையும் சாய்த்துவிட்டான். குண்டு வெடிக்க ஏழெட்டு வினாடி இருந்தது. ஆனால் குண்டைச் சீக்கிரம் செயலிழக்க வைக்கும் டிஃப்யூஸ் கிட் அவனிடம் இல்லை! ஓவர்டைமில் 16-14. அவன் தோற்கடித்துவிட்டான் அக்கா. கோபத்தில் அவனுக்கு இன்ஸ்டாகிராமில் மிகக் கேவலமாக ஒரு செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழித்தும்விட்டேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. "அவனுங்க உனக்கு யாரு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். "பேசாம பெரிய டீமுக்கு மாறிடு, நிம்மதியா இருப்பே" என்கிறான் நண்பன். மாறிவிடலாமா?

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆட்டத்துக்காக. (எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. அது தெரிந்துதான் ஆசிரியர் இந்தக் கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.) இரண்டாவது முறை, நீங்கள் எழுதியிருக்கும் வினைச்சொற்களுக்காக. "வந்தோம்." "இருந்தோம்." "விட்டோம்." வரிசையாக எல்லாம் "ஓம்". 24ஆவது ரவுண்ட் வந்ததும் மட்டும் "அவன் தோற்கடித்துவிட்டான்".

இதை நான் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளர் தன் குழுவினரோடு 1976இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த "ஓம்" பற்றியதுதான். பல்கலைக்கழக மாணவர்களிடம் அவர்களுடைய கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். வென்ற ஆட்டம் என்றால் "நாங்கள் ஜெயித்தோம்" என்பது அதிகம் வந்தது. தோற்ற ஆட்டம் என்றால் "அவர்கள் தோற்றுவிட்டார்கள்" என்று கழன்றுகொள்வது அதிகம். அணி வென்றால், அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகளும் கூடுதலாகத் தெரிந்தனவாம்.

நீங்கள் அப்படிக் கழன்றுகொள்ளவில்லை. தோற்ற ரவுண்டுகளையும் "விட்டோம்" என்றுதான் எழுதினீர்கள். அணி மாறுவதைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதற்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது. ஆனால் ஐந்து பேரில் நான்கு பேரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒருவரை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டீர்கள். தூக்கம் வராததற்குத் தோல்வியைவிட அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

அந்தக் கிட் விஷயத்துக்கு வருவோம். உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் கோபத்தில் கணக்கு மறந்துபோகும். கிட் இருந்தால் குண்டைச் செயலிழக்க வைக்க 5 வினாடி, இல்லாவிட்டால் 10. ஏழெட்டு வினாடியில் வெறுங்கையோடு அது நடக்காது. அந்த நிமிடம் அங்கே யார் நின்றிருந்தாலும் இதே கதிதான். ஒருவருக்கு இருவர் என்ற நிலையில், தான் செய்ய வேண்டிய கடினமான பாதியை அவர் செய்து முடித்துவிட்டார். இல்லாமல் போனது, ஆட்டத்துக்குள் 400 டாலர் விலையுள்ள ஒரு பொருள்தான்.

அந்த 400 டாலர் எங்கே போனது? நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப்போன 22, 23ஆவது ரவுண்டுகளுக்குப் போய்ப் பாருங்கள். ரவுண்டில் செத்தால் துப்பாக்கி போகும், கவசம் போகும், கிட்டும் போகும். அடுத்த ரவுண்டில் எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டும். தோற்ற அணிக்கு ஆறுதல் பணம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது 1,400இல் தொடங்கி, தோல்வி தொடரத் தொடரத்தான் 3,400 வரை ஏறும். நன்றாக ஜெயித்துக்கொண்டிருந்த அணி திடீரென்று தோற்க ஆரம்பித்தால் கையில் வருவது குறைந்த தொகைதான். முன்னிலையில் இருந்தவர்கள் இரண்டே ரவுண்டில் பிச்சைக்காரர்கள் ஆவது இப்படித்தான். எதிரணி அந்த நேரத்தில் செழிப்பாக இருந்திருக்கும்.

இன்னொன்று. 24ஆவது ரவுண்ட், வழக்கமான நேரத்தின் கடைசி ரவுண்ட். அதில் மிச்சம் பிடிக்கும் பணம் ஓவர்டைமுக்கு வராது, அங்கே எல்லோருக்கும் புதுக்கணக்கு. அதனால் கையில் 400 டாலர் இருந்து, "பரவாயில்லை, சேமிப்போம்" என்று வாங்காமல் விட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பணம் இல்லாமல் இருந்திருக்கலாம். கூட்டாளி யாராவது "டிராப் போடு" என்று கேட்டு, அவருக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் கிட் இல்லாமல் இறங்கியிருக்கலாம். இல்லை, சும்மா மறந்தும் போயிருக்கலாம். அதுவும் மனிதர்களுக்கு நடப்பதுதான். எது என்று எனக்கோ உங்களுக்கோ இப்போது தெரியாது. தெரிந்துகொள்ளாமலே தீர்ப்பு எழுதி அனுப்பிவிட்டீர்கள்.

அந்தச் செய்தி. அழித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஏதோ அதோடு கணக்கு முடிந்த மாதிரி. பத்து நிமிடம் என்பது, அப்போதுதான் தோற்று ஹெட்செட்டைக் கழற்றிவைத்த ஒருவர் கைப்பேசியைத் திறந்து பார்க்கத் தாராளமான நேரம். பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். பார்த்திருந்தார் என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள். இரண்டு வரி போதும்: "ஆட்டம் முடிந்ததும் உங்களுக்குத் தவறாக எழுதினேன். மன்னியுங்கள்." அவ்வளவுதான். "நான் உங்கள் தீவிர ரசிகன், அந்த வலியில்..." என்று இழுக்காதீர்கள். அது மன்னிப்பை விட்டுவிட்டு உங்கள் வலியை அவர் தலையில் ஏற்றும் வேலை. பதிலும் எதிர்பார்க்காதீர்கள்.

(நடுவில் ஒரு கேள்வி, பத்திரிகைக்கு எழுத வேண்டாம், உங்களுக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: அந்த ஆட்டத்தில் நீங்கள் பந்தயப் பணம் எதுவும் வைத்திருந்தீர்களா? வைத்திருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு உதவாது. அது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு. இல்லை என்றால் மேலே படியுங்கள்.)

வீட்டில் கேட்ட "யாரு உனக்கு?" என்ற கேள்விக்கு, யாருமில்லை என்பதுதான் உண்மையான பதில். உறவுக்காரர்களாக இருந்தால்தான் பாசம் வைக்க வேண்டும் என்று சட்டமா என்ன. இதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நண்பர் சொன்னதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். பெரிய அணிக்கு மாறினால் நிம்மதி கிடைக்குமா? உங்கள் ஆட்டத்துக்கு அச்சு அசலாக ஒரு பழைய ஆட்டம் இருக்கிறது. 2018 ஜனவரி, பாஸ்டனில் நடந்த மேஜர் என்ற பெரிய போட்டித் தொடரின் இறுதி. கிளவுட்9 எதிர் ஃபேஸ் கிளான். அன்றைக்கு 16 ரவுண்ட் எடுத்தால் வெற்றி என்ற கணக்கு. மூன்றாவது மேப் இன்ஃபெர்னோ. 15-11 என்று முன்னிலை. இன்னும் ஒரு ரவுண்ட் எடுத்தால் கோப்பை. அடுத்தடுத்து நான்கையும் விட்டு, இரண்டு ஓவர்டைம் ஆடி, 22-19 என்று தோற்றார்கள். அப்படித் தோற்றது சின்ன அணி அல்ல, நட்சத்திரங்களால் நிரம்பிய ஃபேஸ். ஊரெல்லாம் அந்த ஆட்டத்தைக் கிளவுட்9இன் அதிசயமாகத்தான் பேசுகிறது. ஆனால் அன்றிரவு ஃபேஸ் ரசிகர்களும் உங்களைப் போலத்தான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். பெரிய அணிக்குப் போனால் இந்த மாதிரி இரவுகள் குறையும், ஒழியாது. வந்தால் கேலியும் சேர்ந்து வரும்.

அதே ஃபேஸில் இருந்த கேரிகன் அந்த வருடமே அணியிலிருந்து விலக்கப்பட்டார். 2021இல் திரும்பி வந்தார். 2022 மே மாதம் ஆன்ட்வெர்ப் மேஜரில் அவர் தலைமையில் ஃபேஸ் கோப்பை வென்றது. பாஸ்டனில் தோற்ற ரெயினும் அங்கே இருந்தார், தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். நான்கு வருடம். இதை வைத்து "உங்கள் ஆட்களும் ஒருநாள் தூக்குவார்கள்" என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். பெரும்பாலான சின்ன அணிகள் கடைசிவரை எதையும் தூக்குவதில்லை.

இன்னும் கசப்பான ஒன்றும் இருக்கிறது, இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. உங்கள் அணி அரையிறுதியில் இவ்வளவு நன்றாக ஆடியதே அதற்கு ஆபத்து. பெரிய அணிகளின் கண் பட்டிருக்கும். அடுத்த ஆட்டக்காரர் மாற்றக் காலத்தில் ஒருவரையோ இருவரையோ காசு கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். தோற்றால்தான் இப்படி என்றும் இல்லை. பாஸ்டனில் வென்ற கிளவுட்9இலிருந்து ஸ்டூவி2கே என்ற ஆட்டக்காரர் கிளம்பச் சில மாதம்கூட ஆகவில்லை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற இன்னொரு கணினி விளையாட்டில் டிஆர்எக்ஸ் அணியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 2022இல் பிளே-இன் என்ற முதற்கட்டத் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி, இறுதியில் டி1ஐ 3-2 என்று வீழ்த்தி உலகக் கோப்பையை எடுத்தார்கள். அப்படியொரு ஏற்றத்தை அந்த ஆட்டம் அதுவரை கண்டதில்லை. அடுத்த பருவத்துக்கு அந்த ஐந்து பேரில் மிஞ்சியது பெரில் ஒருவர்தான். கோப்பையே கையில் இருந்தும் கூட்டை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் உங்களிடம் நான் கேட்பது, எந்த அணிக்கு மாறுவது என்பதல்ல. நீங்கள் எதற்கு ரசிகர்? சட்டையில் இருக்கும் பெயருக்கா, இந்த ஐந்து பேருக்கா? பெயருக்கு என்றால், நாளை புதிதாக ஐந்து பேர் வந்தாலும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். ஐந்து பேருக்கு என்றால், அவர்கள் பிரிந்து மூன்று அணிகளுக்குப் போகும்போது ஒரே இரவில் மூன்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதில் ஒருவர் மற்றவரைத் தோற்கடிக்கவும் செய்வார். எனக்கு இரண்டாவதுதான் நடந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த சின்ன அணி ஒரு வருடத்துக்குள் பெயரே இல்லாமல் போய்விட்டது. அதிலிருந்த ஒருவர் இன்று வேறெங்கோ பயிற்சியாளராக நிற்கிறார். கேமரா ஒரு நொடி அவர் பக்கம் திரும்பினால் போதும், நான் குடித்துக்கொண்டிருக்கும் காபியை வைத்துவிடுவேன்.

பெரிய அணிக்கு மாற வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக மாறுங்கள், யாரும் சத்தியம் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் இந்த வாரம் வேண்டாம். இந்த வாரம் மாறினால் அணியை விட்டுப் போனதாக இருக்காது, அந்த ஏழெட்டு வினாடியிலிருந்து ஓடியதாகத்தான் இருக்கும். அது அங்கேயும் பின்னாலேயே வரும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். போட்டியின் டெமோ (ஆட்டத்தின் பதிவுக் கோப்பு) கிடைக்கும், இறக்கிக்கொள்ளுங்கள். மன்னிப்பை அனுப்பிவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் திறந்து நேராக 22ஆவது ரவுண்டுக்குப் போங்கள். யார் எங்கே செத்தார்கள், யார் துப்பாக்கியைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்கினார்கள், யார் கையில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 24இல் பொருள் வாங்கும் நேரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். அவர் யாருக்காவது துப்பாக்கி போட்டுக் கொடுத்தாரா? செத்துக் கிடந்த கூட்டாளி யாரிடமாவது எடுத்துக்கொள்ளக்கூடிய கிட் இருந்ததா, எவ்வளவு தூரத்தில்? பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.