கேபினில் இறந்த ஓட்டுநர்: பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

கேள்வி: நாங்கள் நாமக்கல்லில் வசிக்கிறோம். என் கணவர், வயது 35, பழைய லாரி ஒன்றின் ஓட்டுநர். 2025 மார்ச்சில் வெளியூரில் லோடுக்காகக் காத்திருந்த இரவு, ஏசியைப் போட்டுக்கொண்டு கேபினில் உறங்கியவர் காலையில் எழவில்லை. கேபினுக்குள் புகை வருவதாக உரிமையாளரிடம் பலமுறை சொல்லியிருந்தார். துக்கத்துக்குக்கூட வராத உரிமையாளர், ‘எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதே என்று சொல்லியிருந்தேன்’ என்கிறார். இப்போது நான்கு லட்சம் தருவதாகச் சொல்லிப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். அவரைத் தண்டிக்க வழி உண்டா?

பதில்: சகோதரி, அவர் துக்கத்துக்கு வராததும் கணவர் சொன்னதைக் காதில் வாங்காததும் உங்கள் இழப்பீட்டு வழக்குக்குத் தேவையற்றவை. உங்கள் கணவர் இறந்த 2025 மார்ச்சில் நடப்பில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் கீழ் முதலாளியின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. லோடுக்காக வண்டியில் காத்திருந்ததும் பணியே. சொன்னதை மீறினார் என்ற வாதம், மரணம் நேர்ந்துவிட்ட வழக்கில், 3-ஆம் பிரிவின்படி எடுபடாது. முடிவு செய்யப்பட வேண்டியது ஒன்றுதான்: அவர் இறந்தது வண்டியின் புகையாலா, மாரடைப்பாலா?

இன்சூரன்ஸ் தரப்பு மாரடைப்பு என்றுதான் சொல்லும். பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சின் குறைவாகவே கார்பன் மோனாக்சைடை வெளியிடும் என்பதையும் தவறாமல் எடுத்து வைப்பார்கள். அதற்குப் பதில், இரத்தத்தில் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு கலந்த ஹீமோகுளோபின்) எவ்வளவு இருந்தது என்ற ஆய்வக அறிக்கை மட்டுமே. ‘ஆய்வக முடிவு வரும்வரை கருத்து நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்று முடியும் முதல் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு, மருத்துவரின் இறுதிக் கருத்தைக் கேட்டு வாங்காமலே விசாரணைக்கு வந்து தோற்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த சாட்சி வண்டி. மோட்டார் வாகன ஆய்வாளர் வழக்கம்போல் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பார்த்துவிட்டு ‘இயந்திரக் கோளாறு இல்லை’ என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரியே உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஆகவே சைலன்சர் குழாய், மேனிஃபோல்டு இணைப்பு, கேபின் தரையின் ஓட்டைகள், கியர் லீவரைச் சுற்றியுள்ள ரப்பர் உறை ஆகியவற்றைச் சோதித்துப் படமெடுக்குமாறு எழுத்தில் கேளுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனில் இருவர் இறந்தபோது, கோழிக்கோடு என்ஐடி (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) வல்லுநர்கள் அந்தக் கேரவனின் ஜெனரேட்டரை இயக்கி அளந்து பார்த்துத்தான் நச்சுவாயு உள்ளே புகுந்ததை உறுதி செய்தார்கள். உங்கள் லாரி பட்டறைக்குப் போய்ப் புதுக் குழாயோடு திரும்பிவிட்டால் அளக்க எதுவும் மிஞ்சாது.

கோபத்தில் மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்துக்குப் போய்விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆம் பிரிவின்படி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அங்கே முழு இழப்பீடு கேட்டுப் போனால், தேவையே இல்லாத அலட்சியத்தை நிரூபிக்கும் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்வீர்கள்.

நான்கு லட்சம் குறைவு என்பதைவிட, அந்தப் பத்திரத்தில் ‘இயற்கை மரணம்’ என்று ஒரு சொல் இருந்தால் அதுவே பெரிய ஆபத்து. மாத ஊதியம் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பில் கணக்கிட்டால், அதில் பாதியைச் சட்டத்தின் அட்டவணையில் 35 வயதுக்குரிய எண்ணான 197.06-ஆல் பெருக்க, 14,77,950 ரூபாய் வருகிறது. தாமதத்துக்கு 12 சதவீத வட்டி தனி. மரண இழப்பீட்டை முதலாளி நேரடியாகக் கையில் கொடுப்பதை ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு ஏற்பதில்லை. இந்த வழக்குகளை விசாரிக்கும் ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடமே செலுத்த வேண்டும். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதினால் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் நீங்களே ஒப்புக்கொண்ட மரணக் காரணம் சாட்சியமாக நிற்கும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: உரிமையாளரோடு சமாதானமாகப் போங்கள். ஓட்டுநருக்கான காப்பீடு நடப்பில் இருந்தால் பணம் தருவது இன்சூரன்ஸ் நிறுவனம்தான். உங்கள் கணவர் அவரிடம் வேலை செய்தார், இவ்வளவு சம்பளமும் பேட்டாவும் வாங்கினார், புகை வருவதாகச் சொன்னார் என்று உண்மையைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. அவரை எதிரியாக்கினால் ‘இவர் என் ஆளே இல்லை’ என்று பதிலுரை தாக்கல் செய்துவிடுவார். 2027 மார்ச்சுக்குள், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே மனு கொடுக்கலாம். அதுவரை வீட்டுச் செலவுக்கு, மூன்று மாத ஊதியம் அளவுக்கு அவர் முன்பணம் தருவதைச் சட்டம் அனுமதிக்கிறது. வாங்கிக்கொண்டு, ‘இழப்பீட்டுக்கான முன்பணம்’ என்று மட்டும் ரசீது எழுதிக் கொடுங்கள்.