வாசகர் கேள்வி – பதில்: அரிய நூல் பிரிவுக்குப் போகும் மாணவர்களுக்கு

கேள்வி: வரலாற்றில் முதுகலை படிக்கிறேன். தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) பாடிய கும்மி, சிந்து நூல்களை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவுக்கு இதுவரை போனதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– மாணவி, பாளையங்கோட்டை

பதில்: துறைத்தலைவரின் கடிதம், அடையாள அட்டை, பென்சில், குறிப்பேடு ஆகியவை கையில் இருக்கட்டும். பேனாவைப் பெரும்பாலும் உள்ளே அனுமதிக்க மாட்டார்கள். போவதற்கு முன்பே நூலட்டவணையைப் பார்த்துவிடுங்கள். ஆனால் அதில் இல்லையென்றால் நூலே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காலணா, அரையணாவுக்கு விற்ற சிறு நூல்கள் பலவற்றைச் சேர்த்து ஒரே கட்டாகத் தைத்து வைப்பது பழைய வழக்கம் என்பதால், முதல் நூலின் பெயரில் மட்டும் அட்டவணையில் பதிவாகி, மற்றவை கட்டுக்குள்ளேயே மறைந்துகிடப்பதுண்டு. அந்தக் கட்டுகளை அறிந்தவர் அங்கே பணிபுரியும் நூலகர். உங்கள் ஆய்வுப்பொருளை அவரிடம் விரிவாகச் சொல்லுங்கள். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் 1994இல் உருவான நூலகம் அது.

நூல் கைக்கு வந்ததும் பாட்டுக்குள் போய்விடாமல், தலைப்புப் பக்கத்தைச் சொல் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ‘தாது வருஷம் மாசி மாதம்’ என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ஆகவே அது 1877ஆம் ஆண்டு பிப்ரவரி–மார்ச்சாகவும் இருக்கலாம், 1937ஆகவும் இருக்கலாம். முன்னதென்றால் பஞ்சத்தின் நடுவிலேயே அச்சான சான்று; பின்னதென்றால் இரண்டு தலைமுறைக்குப் பிந்தைய மறுபதிப்பு. அச்சுக்கூடத்தின் பெயர், விலை, பக்க எண்கள் தமிழ் எண்களா என்பது, பின்னட்டை விளம்பரம் இவற்றைச் சேர்த்து வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதற்கு உதவும் இன்னொரு சான்று உண்டு. மாணவர்கள் அதை அதிகம் பயன்படுத்தாதது எனக்கு வருத்தமே. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி, அச்சான ஒவ்வொரு நூலையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவற்றின் பட்டியலை மாகாண அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்டது. நூலாசிரியர், அச்சிட்டவர், பக்கம், விலை ஆகியவற்றோடு எத்தனை படிகள் அச்சாயின என்பதும் அதில் இருக்கும். ஒரு பஞ்சக் கும்மியை எவ்வளவு பேர் வாங்கக்கூடும் என்று அச்சிட்டவர் கணக்குப் போட்டார் என்பதை அந்த எண்ணிக்கை காட்டிவிடும். எல்லாச் சிறு நூல்களும் ஒழுங்காகப் பதிவாகிவிடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுங்கள். 1877இல் நிவாரண வேலை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் குறைத்ததும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் அரசுக் கோப்புகளில் பதிவாகியுள்ளன. அந்தக் கோப்புகளையும் கும்மியையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அதிகாரி அளவையாக எழுதிய பசியைப் பாட்டுக்காரர் எப்படிச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் உங்கள் ஆய்வு உங்களுடையதாகும்.

கேள்வி: பழைய நூல்களைத் தொட வெள்ளைக் கையுறை கட்டாயமா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: காகித நூல்களுக்குப் பருத்திக் கையுறை வேண்டியதில்லை. விரலின் உணர்வு குறைந்து, நொறுங்கும் நிலையில் உள்ள தாளைக் கிழித்துவிட அது காரணமாகலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டாலே போதும். பழைய நிழற்படங்களுக்குக் கையுறை தேவை. எதுவாயினும் அந்த நூலகத்தின் விதியே முடிவானது.

கேள்வி: முழு நூலையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு வீட்டில் படிக்கலாமா?
– ஆய்வு மாணவி, மதுரை

பதில்: அனுமதி பெற்று, வேண்டிய பக்கங்களை எடுக்கலாம். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு அவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அது முடிந்த நூலாயினும், படமெடுக்க விடுவதா என்பதை நூலகம் தீர்மானிக்கும். ஆனால் படத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. தாளின் தன்மை, தையல், ஓரத்தில் மங்கிய பென்சில் குறிப்பு, முந்தைய உரிமையாளரின் முத்திரை இவையெல்லாம் நூல் கையில் இருக்கும்போதே கண்ணில் படுபவை. படமெடுக்கும்போது முதல் படத்தில் நூலின் அடுக்கு எண் எழுதிய சீட்டும் தெரியட்டும். கட்டாகத் தைத்த நூலென்றால், அது கட்டில் எத்தனையாவது என்பதையும் அதே சீட்டில் எழுதிவிடுங்கள்.