யூ இல்லாத கியூ

கேள்வி: ஆங்கில எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிரபிள் விளையாட்டில் எனக்கென்று கியூ எழுத்து வந்து விழும், அதோடு சேர்க்க யூ வராது. என்ன செய்யலாம்?
– மாணவி, கொக்குவில்

பதில்: யூவுக்கு ஏன் பிள்ளை தவம் கிடக்கிறீர்? பெட்டியிலேயே அது நாலுதான். ஐ ஒன்பது இருக்கு. கியூவோடு ஐயைச் சேர்த்து வையும். 'சீ' என்று வாசிக்க வேணும். சீனர் சொல்லும் உயிர்ச்சக்தி. வெறுமனே 11 புள்ளி. ஆனால் எழுத்துக்கு மும்மடங்கு தரும் கட்டத்தில் கியூவை வைத்து, குறுக்கும் நெடுக்கும் இரண்டு ஐ பொருந்தினால் 62! எதிரே விளையாடும் மாமா அப்படியொரு சொல்லே இல்லையென்று சண்டைக்கு வருவார், காலின்ஸ் அகராதியை விரித்துக் காட்டும். ஐயும் இல்லையோ? கியூ, ஏ, டி: யேமன்காரர் வெற்றிலைபோலச் சப்பும் இலை. கியூவைக் கடைசிவரை கையில் வைத்திருந்தால் 10 புள்ளி கழியும்.