சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்கு ஆடிய நார்வே வீரர் ஜான் ஆர்னே ரீசே உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரரா, அந்த ஒரு சேம் சைடு கோலுக்காகத்தான் பேசப்படுகிறாரா?

பெரிய ஆட்டக்காரர்தான். அந்த சேம் சைடு கோலும் நடந்ததுதான். இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவன். இடது கால் பழக்கம் இருந்ததால் பத்து வயதிலேயே என்னை இடது ஓரத் தடுப்பில் நிறுத்திவிட்டார்கள். இருபத்தைந்து வயது வரை அதே இடத்தில்தான் ஆடினேன். அந்த ஓரத்தில் நின்று பழகியவனுக்கு ரீசேயின் ஆட்டம் வெறும் வேடிக்கை அல்ல, பாடம். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கேள்வியில் வரும் அந்தக் கோலையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2008 ஏப்ரல் 22. இங்கிலாந்தின் லிவர்பூலும் செல்சியும் மோதிய, ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டம், லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில். நமக்கு இங்கே நள்ளிரவு கடந்து பன்னிரண்டேகால் மணிக்குத் தொடங்கியது. முதல் பாதி முடியும் தறுவாயில் டிர்க் கைட் அடித்த கோலால் லிவர்பூல் 1-0 என முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் ஃபாபியோ அவுரேலியோவுக்குக் காயம் ஏற்பட, அவருக்கு மாற்றாக ரீசே இறங்கினார். தொண்ணூறு நிமிடம் முடிந்துவிட்டது. கூடுதலாகத் தந்த நேரமும் தீரப் போகிறது. தொண்ணூற்றைந்தாவது நிமிடத்தில் செல்சியின் சாலமன் கலூ இடது பக்கத்திலிருந்து பந்தைக் கோலுக்குக் குறுக்கே அனுப்பினார். பந்து உயரமாகவும் வரவில்லை, தரையோடும் வரவில்லை. இடுப்பளவில் வந்தது. ரீசே குனிந்து தலையைக் கொடுத்தார். வெளியே போக வேண்டிய பந்து சொந்த வலையின் கூரையில் போய்ப் பாய்ந்தது. கோல் கீப்பர் பெப்பே ரெய்னாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆட்டம் 1-1.

‘வலது காலால் உதைத்து வெளியே தள்ளியிருக்கலாமே’ என்று மறுநாள் எல்லோரும் பேசினார்கள். நின்று பார்த்தவர்களுக்கு அது சுலபம். குறுக்கே வரும் இடுப்பளவுப் பந்து தடுப்பாட்டக்காரனுக்கு வாய்க்கும் பந்துகளிலேயே மிக மோசமானது. விட்டுவிட்டால் முதுகுக்குப் பின்னால் எதிரணியின் கால் காத்திருக்கலாம். திரும்பிப் பார்க்க நேரம் கிடையாது. தொட்டால், முகம் சொந்தக் கோலைப் பார்த்திருக்கிறது. பள்ளி நாட்களில் எனக்கே இது நடந்திருக்கிறது. மாலை ஆட்டம், கிட்டத்தட்ட இதே உயரத்தில் வந்த பந்து, என் முழங்காலில் பட்டு எங்கள் கீப்பரைத் தாண்டி உள்ளே போனது. அந்தப் பக்கம் ஆரவாரம் செய்தார்கள். எங்கள் பக்கம் யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவரும் பேசவே இல்லை. அந்த மௌனம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிரவு ரீசே மண்ணில் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

எட்டு நாள் கழித்து லண்டனில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் செல்சி 3-2 என வென்று மாஸ்கோ இறுதிக்குப் போனது. அந்தக் கோடையிலேயே ரீசே லிவர்பூலை விட்டுக் கிளம்பினார். ஏழு பருவங்கள், 348 ஆட்டங்கள், ஒரு தடுப்பாட்டக்காரர் அடித்த 31 கோல்கள். இத்தனைக்கும் பிறகு பலர் மனத்தில் நின்றது அந்தத் தலை ஒன்றுதான். இது அநியாயம் என்பது என் திடமான கருத்து.

அவர் வந்த வழியைப் பாருங்கள். நார்வேயின் மேற்குக் கடற்கரையில் ஓலெசுண்ட் என்றொரு துறைமுக ஊர். 1904-இல் தீயில் எரிந்து, மீண்டும் கல்லால் கட்டி எழுப்பப்பட்ட ஊர் அது. காட் மீனைப் பிடித்து உப்பிட்டு உலர்த்தி ஏற்றுமதி செய்து வாழ்ந்த ஊர். அங்கேதான் ரீசே வளர்ந்தார், அந்த ஊர் அணியில்தான் ஆடத் தொடங்கினார். இருபது வயதுகூட ஆகாதபோது பிரான்ஸின் மொனாக்கோ அணி அவரை எடுத்துக்கொண்டது. 1999-2000 பருவத்தில் மொனாக்கோ பிரெஞ்சு லீக்கை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். அப்போது அங்கே கோல் கீப்பர் ஃபாபியன் பார்த்தேஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2001-இல் லிவர்பூல் பயிற்சியாளர் ஜெரார் ஊலியே அவரை லிவர்பூலுக்கு அழைத்து வந்தார். சேர்ந்த அதே ஆகஸ்டில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிரான யூரோப்பிய சூப்பர் கோப்பை ஆட்டத்தில் முதல் கோலை அடித்தார். அந்த ஆட்டம் நடந்த இடம் மொனாக்கோ. நேற்று வரை தனக்குச் சொந்தமாக இருந்த மைதானத்திலேயே புதுச் சட்டையில் கோல்!

நவம்பர் 4 அன்று மான்செஸ்டர் யுனைடெட் ஆன்ஃபீல்டுக்கு வந்தது. முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் தொலைவிலிருந்து ஒரு ஃப்ரீ கிக். டீட்மார் ஹாமன் பந்தை மெல்ல நகர்த்திக் கொடுக்க, ஓடி வந்த ரீசே இடது காலால் அடித்தார். பந்து குறுக்குக் கம்பத்தின் அடிப்பகுதியில் இடித்து உள்ளே விழுந்தது. யுனைடெட் கோலில் நின்றவர் அதே பார்த்தேஸ். மொனாக்கோவில் இவருடைய அடியைப் பயிற்சியில் பார்த்துப் பழகியிருக்க வேண்டியவர். தெரிந்திருந்தும் தடுக்க முடியாத அடி அது. லிவர்பூல் 3-1 என்று வென்றது. அந்த ஒரு கோலுக்காக ரசிகர்கள் ரீசேயின் பேரில் தனிப் பாட்டே கட்டிப் பாடினார்கள்.

அந்தக் காலின் வலு எப்படிப்பட்டது என்பதற்கு வருத்தமான சான்று ஒன்றும் உண்டு. 2006 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் ரீசே அடித்த ஃப்ரீ கிக்கைக் குறுக்கே பாய்ந்து தடுக்கப்போன யுனைடெட் வீரர் ஆலன் ஸ்மித்தின் கால் முறிந்துபோனது. அதில் ரீசேயின் தவறு எதுவும் இல்லை. பந்தை அடித்தார், அவ்வளவுதான்.

இனி இஸ்தான்புல். 2005 மே 25, சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். ஏ.சி. மிலான் இடைவேளைக்குள் மூன்று கோல் போட்டுவிட்டது. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் பதினைந்து பேர் கூடிப் பார்த்துக்கொண்டிருந்தோம்; இடைவேளையில் பாதிப் பேர் தூங்கப் போய்விட்டார்கள். ஐம்பத்து நான்காவது நிமிடத்தில் இடது ஓரத்தில் பந்து ரீசேயிடம் வந்தது. அவர் உள்ளே அனுப்பிய முதல் பந்தை மிலானின் கஃபூ தடுத்துவிட்டார். பந்து திரும்ப அவர் காலுக்கே வந்தது. எத்தனை பேர் அந்த இடத்தில் பின்னால் தட்டிக் கொடுத்திருப்பார்கள்! ரீசே உடனே மறுபடியும் வளைத்து அனுப்பினார். ஸ்டீவன் ஜெரார்ட் எழும்பித் தலையால் முட்டினார். 3-1. அடுத்த ஆறு நிமிடங்களில் இன்னும் இரண்டு கோல்கள். 3-3. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஜெரார்டின் தலையைச் சொல்வார்கள். தடுக்கப்பட்ட பந்தை விடாமல் இரண்டாம் முறை அனுப்பிய அந்த இடது காலைச் சொல்பவர்கள் குறைவு. நான் என் தம்பிக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தபோது முதலில் காட்டியது அந்த இரண்டாவது பந்தைத்தான்.

ஆட்டம் சமனில் முடிந்ததால் வந்த பெனால்டியில் ரீசேயின் அடியை மிலான் கீப்பர் டிடா தடுத்துவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பார்த்தேஸையே கலங்கடித்த வேகத்தை விட்டுவிட்டு, அன்று ஓரமாக வைத்துத் தள்ளினார். டிடா சரியான பக்கம் பாய்ந்தார். ஆனாலும் லிவர்பூல் 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. மறு ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியில், வெஸ்ட் ஹாமுக்கு எதிராக, மறுபடி பெனால்டி வந்தது. ரீசே மறுபடியும் அடிக்கப் போனார், இம்முறை உள்ளே போட்டார். ஒருமுறை தவறவிட்டவர் அடுத்த இறுதியாட்டத்தில் மீண்டும் அந்தப் புள்ளியை நோக்கி நடப்பது என்ன மாதிரி நெஞ்சுரம் என்பது அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2007 பிப்ரவரியில் போர்ச்சுகலில் பயிற்சி முகாம். அங்கே நடந்த தகராறில் சக வீரர் கிரெய்க் பெல்லமி ரீசேயைக் கால்ஃப் மட்டையால் அடித்துவிட்டார். செய்தித்தாள்கள் முழுக்க அதுதான். சில நாளிலேயே பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானத்தில் ஆட்டம். பின்தங்கியிருந்த லிவர்பூலுக்குச் சமன் கோலை அடித்தவர் பெல்லமி. வெற்றிக் கோலை அடித்தவர் ரீசே, பந்தை அவருக்குத் தந்தவரும் பெல்லமியே. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரீசே அந்தக் கோலை அடித்தது வலது காலால். ‘வலது காலே கிடையாது’ என்று பின்னாளில் அவரைப் பற்றிச் சொன்னவர்கள் அந்த இரவை மறந்துவிட்டார்கள்.

லிவர்பூலுக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் இத்தாலியின் ரோமா அணியில் ஆடினார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த கணம் அங்கேதான் இருக்கிறது. 2010 ஜனவரி 23, டுரின் நகரில் யுவென்டஸுடன் ஆட்டம். டெல் பியரோ யுவென்டஸுக்கு முதல் கோல் போட்டார். ரோமாவின் டோட்டி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு ரீசே தனியாகப் பந்தோடு ஓடியபோது அவரைத் தடுத்து வீழ்த்திய கோல் கீப்பர் புஃபோன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அதோடு நிற்கவில்லை. தொண்ணூறு நிமிடம் முடிந்து மூன்றாவது நிமிடம். பந்து குறுக்கே வருகிறது. இடது ஓரத்தைக் காக்க வேண்டியவர் எதிரணியின் கோலுக்கு முன்னால் நிற்கிறார், முட்டுகிறார், கோல். ரோமா 2-1.

ஆன்ஃபீல்டில் தொண்ணூற்றைந்தாவது நிமிடம். டுரினில் தொண்ணூற்று மூன்றாவது நிமிடம். இரண்டு முறையும் குறுக்கே வந்த பந்து, இரண்டு முறையும் அதே தலை. முதல் முறை நடந்ததற்குப் பிறகு, ஆட்டம் முடியும் நேரத்தில் குறுக்கே வரும் பந்துக்குத் தலையைக் கொடுக்க ஒரு கணம் தயங்கியிருந்தால்கூட யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் தயங்கவில்லை.

அந்தப் பருவத்தில் ரோமா இரண்டே புள்ளிகளில் இன்டர் மிலானிடம் பட்டத்தை இழந்தது. அந்த இன்டர் அணியில் இருந்த மார்கோ மட்டரேசிதான் பின்னாளில் சென்னையின் அணிக்குப் பயிற்சியாளராக இருந்து ரீசேயை இங்கே கொண்டு வந்தார்.

நார்வே அணிக்காக 110 ஆட்டங்கள், 16 கோல்கள். தோர்பியோர்ன் ஸ்வென்சென் என்ற தடுப்பாட்டக்காரர் 1962-இல் 104 ஆட்டங்களோடு விட்டுச் சென்ற சாதனை ஐம்பது ஆண்டுகள் அசையாமல் இருந்தது. அதை முறியடித்தவர் ரீசே. ஆனால் அவர் காலத்தில் நார்வே ஒரு உலகக் கோப்பைக்குக்கூடத் தகுதி பெறவில்லை. பிரேசிலை வீழ்த்திய 1998 அணிக்கு இரண்டு ஆண்டு பிந்தி அணிக்குள் வந்தவர். 2000 யூரோ கோப்பையோடு பெரிய போட்டிகள் முடிந்துவிட்டன. நம் நாட்டில் பலருக்கு அவர் பெயர் சட்டென்று நினைவுக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நமக்கு உலகக் கோப்பையில் பார்த்த முகங்கள்தானே மனத்தில் தங்குகின்றன.

ரோமாவுக்குப் பின் மூன்று ஆண்டுகள் லண்டனின் ஃபுல்ஹாம், அங்கே தம்பி பியோர்ன் ஹெல்கேயும் உடன் இருந்தார். பிறகு சைப்ரஸ். 2015-இல் இந்திய சூப்பர் லீக்கின் டெல்லி டைனமோஸ்; அங்கே பயிற்சியாளர், உலகமே இடது ஓரத் தடுப்புக்கு இலக்கணமாகச் சொல்லும் ராபர்ட்டோ கார்லோஸ். 2016-இல் சொந்த ஊர் ஓலெசுண்டுக்கே திரும்பி, ஓய்வையும் அறிவித்தவர், சில மாதங்களில் மனம் மாறிச் சென்னைக்கு வந்தார். வயது முப்பத்தாறு. முந்தைய ஆண்டு அந்த லீக்கின் கோப்பையை வென்றிருந்த சென்னை அந்த ஆண்டு எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தது. ஆகவே சென்னையில் ஆடியதை மட்டும் வைத்து அவரை அளந்தால் கணக்கு தப்பிப்போகும்.

அந்த ஆண்டு நேரு ஸ்டேடியத்துக்கு டிக்கெட் எடுத்துப் போனேன். பக்கத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். “அண்ணா, அந்த வெள்ளைக்காரர் யார்?” என்று கேட்டான். பெயரைச் சொன்னேன். அவனுடைய அப்பாவின் செல்போனை வாங்கித் தேடினான். முதலில் வந்தது ஆன்ஃபீல்ட்.

“சேம் சைடு கோல் போட்டவரா அண்ணா?” என்றான். முகம் வாடிவிட்டது அவனுக்கு.

“கொடு” என்று வாங்கி, டுரின் ஆட்டத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கூட்டத்தின் இரைச்சலில் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. திரையைக் கையால் மறைத்து வெளிச்சம் படாமல் பார்த்தான். முடிந்ததும் மறுபடி பின்னால் தள்ளி, பந்து வந்து தலையில் படும் இடத்தை மட்டும் மூன்று முறை போட்டுப் பார்த்தான். பிறகு போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, ரீசே நின்ற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.