பல் சீழ் உயிருக்கே ஆபத்தாகுமா? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு கீழ் கடவாய்ப்பல் வலி, இன்னிக்கு தாடைக்கு அடியில ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி வீங்கியிருக்கு, எச்சில் முழுங்க முடியல, சுகர் வேற. காலையில காட்டலாமா?

பதில்: காலை வரைக்கும் வெயிட் பண்ணாதீங்கம்மா, இப்பவே 108 கூப்பிட்டு பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க, பல் கிளினிக் வேண்டாம். இது லுட்விக்ஸ் ஆஞ்சைனாவா, அதாவது தாடைக்கு அடியில வேகமா பரவற கிருமித் தொற்றா இருக்கலாம், 1836லயே லுட்விக்னு ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதி வச்சது, ஆன்டிபயாட்டிக் வர்றதுக்கு முன்னாடி வந்தவங்கள்ல பாதிக்கு மேல செத்துப்போனாங்க. கடைசி ரெண்டு கடவாய்ப்பல்லோட வேர் நுனி வாய்க்குத் தளமா இருக்கற தசைக்கும் கீழ இறங்கியிருக்கும், அதனால சீழ் நேரா தாடைக்கு அடியில போயிடும், நாக்கு மேலயும் பின்னாடியும் தள்ளி மூச்சு அடைச்சிடும், பெரும்பாலும் உயிரை எடுக்கறது அந்த மூச்சடைப்புதான். மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, உக்கார வச்சே கூட்டிட்டுப் போங்க. சாப்பிட எதுவும் குடுக்காதீங்க.

கேள்வி: மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் வாங்கி போட்டேன், வலி போயிடுச்சு. விட்டுடலாமா சார்?

பதில்: விடாதீங்க. பல் நரம்பு செத்துட்டாலும் வலி நின்னுடும், கிருமி உள்ளயேதான் இருக்கும். சீழை வெளிய எடுக்கணும், பல்லைப் பிடுங்கணும் இல்ல ரூட் கெனால் பண்ணணும், வெறும் மாத்திரை அந்த வேலையைச் செய்யாது.

கேள்வி: மேல் பல்லுன்னா பயம் இல்லைதானே?

பதில்: அங்கயும் இருக்கு. மேல் பல் வீக்கத்தோட கண்ணு வீங்கி பிதுங்குது, ரெண்டா தெரியுது, காய்ச்சல், தாங்க முடியாத தலைவலின்னா ரத்தக்குழாய் வழியா மூளைப் பக்கம் போயிருக்கலாம், உடனே ஓடணும். 2007ல அமெரிக்காவுல மேரிலாண்ட்ல டியாமான்ட்டே டிரைவர்னு 12 வயசுப் பையன், சொத்தைப் பல் கிருமி மூளைக்குப் பரவி ஆபரேஷன் பண்ணியும் இறந்துட்டான். பல்லைப் பிடுங்கியிருந்தா சுமார் 80 டாலர்தான் ஆகியிருக்கும். அதை நினைச்சா இப்பவும் மனசு ஆறல.

கேள்வி: மனைவி 5 மாசம், இப்ப பல் பிடுங்கலாமா?

பதில்: தாராளமா. மரத்துப்போற ஊசி போட்டே எடுக்கலாம், சீழை உள்ள வச்சிருக்கறதுதான் அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஆபத்து.

கேள்வி: அண்ணனை ஐசியூல வச்சிருக்காங்க, கழுத்துல ஓட்டை போட்டு டியூப் வைக்கணும்னு கையெழுத்து கேக்கறாங்க, பயமா இருக்கு.

பதில்: போடுங்க தம்பி. தொண்டை வீங்கி வாய் வழியா டியூப் போக முடியாதப்போதான் அதைக் கேப்பாங்க, வீக்கம் வடிஞ்சதும் டியூபை எடுத்துடுவாங்க, ஓட்டை பெரும்பாலும் தானா மூடிக்கும், பேச்சும் வந்துடும். யோசிக்க இப்ப நேரம் இல்ல.