மழையில் லிங்க் விழுந்தால் பவரைக் கூட்டலாமா?

கேள்வி: பினாங்கில், பிறையில் கிடங்கு, ஜார்ஜ்டவுனில் அலுவலகம். இடையே 5 கிலோமீட்டருக்கு 18 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் லிங்க் (இரு டிஷ்களுக்கு இடையே கம்பியில்லாத் தரவுத் தொடர்பு). கனமழையில் அறுந்துவிடுகிறது. "ஏடிபிசியை அணைத்துவிட்டு எந்நேரமும் முழுப் பவரில் ஓட்டலாம், இல்லையென்றால் ஜிகாபிட் போர்ட் உள்ள புதுப் பெட்டி வாங்குங்கள்" என்கிறார் குத்தகையாளர். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம், ஐயா.

ஏடிபிசி என்பது பவரைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு. வந்து சேரும் சிக்னலை எதிர்முனை அளந்து, அதே லிங்க் வழியாக உங்கள் முனைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வெயிலில் பவர் குறைவாக இருக்கும்; மழையில் சிக்னல் சரிந்ததும் உச்சத்துக்குப் போகும். ஆக, அறுந்துபோகும் நேரத்தில் உங்கள் ரேடியோ ஏற்கெனவே முழுப் பவரில்தான் இருக்கிறது. ஏடிபிசியை அணைத்தால் மழையில் ஒரு டெசிபெல்கூட (சிக்னல் ஏற்ற இறக்கத்தின் அளவு) அதிகரிக்காது. வெயிலில் அக்கம்பக்கத்து லிங்க்குகளுக்குத் தொல்லைதான் மிச்சம். அனுமதிப் பத்திரத்தில் உள்ள பவரைத் தாண்டினால், பதில் சொல்ல வேண்டியவர் பத்திரத்தில் பெயருள்ள நீங்கள், குத்தகையாளர் அல்ல.

நம் ஊர் மழை அப்படி. மணிக்கு 145 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் 18 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு 10 டெசிபெலுக்கு மேல் இழக்கும். 10 டெசிபெல் போனால் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. இதில் எப்படியாவது பவரைக் கூட்டி இரண்டு மூன்று டெசிபெல் கிடைத்தாலும் எந்த மூலைக்கு?

அடுத்தது, எனக்கு ஆத்திரமூட்டும் ஜிகாபிட் கதை. போர்ட் என்பது குழாயின் வாய். தண்ணீரின் அளவை அது சொல்லாது. 28 மெகாஹெர்ட்ஸ் சேனலில் வெயிலில், அலையில் தரவை நெருக்கமாக ஏற்றும் 256 க்யூஏஎம் முறையில் நொடிக்குச் சுமார் 180 மெகாபிட் போகும். மழையைத் தாங்கும் மெதுவான க்யூபிஎஸ்கே முறைக்கு இறங்கினால் சுமார் 40. பல விலைப்புள்ளிப் படிவங்களில் போர்ட் வேகத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. மழைநேர வேகத்துக்குக் கட்டமே கிடையாது. கேட்காததை யார் சொல்வார்கள்? நீங்கள் கேளுங்கள். மழைக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். சிக்னலுக்கேற்ப இந்த முறைகளைத் தானாக மாற்றும் அடாப்டிவ் மாடுலேஷன் ஓடுகிறதா, இறங்கிய வேகத்திலும் தொலைபேசிக்கும் கணக்கு மென்பொருளுக்கும் ஸ்விட்சில் முன்னுரிமை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறமும் போதவில்லையென்றால் பெரிய டிஷ், அல்லது குறைந்த அலைவரிசை. பவர் அல்ல.

ஒரே ஒரு விதிவிலக்கு. அதற்கு மேற்சொன்ன கணக்கெல்லாம் பொருந்தாது. மழை நின்றதும் சில நிமிடங்களில் சிக்னல் பழைய அளவுக்கு ஏற வேண்டும். வெயில் அடித்து இரண்டு மணி நேரம் ஆகியும் ஏறவில்லையென்றால் குற்றம் வானத்தில் இல்லை, பெரும்பாலும் கேபிள் இணைப்பில் நீர் புகுந்திருக்கும். போன வருடம் ஒரு கூரையில் கேபிள் முனையின் டேப்பைப் பிரித்தேன். பழுப்பு நீர் சொட்டியது, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. அந்த வாடிக்கையாளருக்கு அதுவரை இரண்டு புது ரேடியோ விற்றிருந்தார்கள். ரேடியோவின் சிக்னல் பதிவை மழைக்கு முன், மழையில், மழைக்குப் பின் என்று எடுத்து வையுங்கள். அது கையில் வரும்வரை குத்தகையாளருக்குப் பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.